கதைத்த நேரம் நீங்கலாக

தொண்ணூற்று நாலாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் இரத்தத்தின் விலை ஓர் அவித்த முட்டை, ஒரு கோப்பை தேத்தண்ணீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. வீதிக்கு வீதி கிடைக்கிற ஓ பொசிற்றிவுக்கும் ஒரு முட்டைதான். எங்கள் பதிவேட்டில் மூன்றே மூன்று பேரிடம் இருந்த ஓ நெகற்றிவுக்கும் ஒரு முட்டைதான். கொடிகாமம் சந்தையில் வாழைக்குலைக்குத் தரகு பேசிய வீட்டில் பிறந்தவன் நான். அருமையான சரக்குக்கும் மலிந்த சரக்குக்கும் ஒரே விலை போடுவது ஆரம்பத்தில் மனதுக்கு ஒப்பவில்லை. பிறகு பழகிவிட்டது. அந்த ஆண்டுகளில் எல்லாம் பழகிப்போயின.

எங்கள் இரத்ததானச் சங்கம் கொக்குவிலில், ரயில் ஓடாத ரயில் பாதைக்கு அருகே, கனடாவுக்குப் போய்விட்ட ஒருவரின் மதில் வீட்டில் இருந்தது. நோயாளியின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு சைக்கிளில் வருவார். அந்தப் பிரிவு இரத்தம் உள்ளவர்களில், கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் கடந்த ஒருவரை நாங்கள் பதிவேட்டில் தேடி, பெயரையும் விலாசத்தையும் ஒரு துண்டில் கொடுப்போம். வந்தவர் அந்த ஆளைத் தேடிப் பிடித்து, தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். தொலைபேசி செத்துக் கிடந்தது. மின்சாரம் போய் நாலு வருடம்.

மின்சாரம் இல்லாத ஊரில் பதிவேடு கொம்பியூட்டரில் இருந்தது என்றால் சிரிப்பீர்கள். யுத்தத்தில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைகள் வருவதற்கு முன் நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டி. அதோடு இரண்டு திரைகள், இரண்டு கீபோட்டுகள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பதிவேட்டைப் பார்க்கலாம். புரோகிராமை நானே எழுதினேன். மூன்று வருட வேலை. நாளொன்றுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை இருமும், உறுமும், ஓடும். மற்ற நேரங்களில் பழைய அட்டைப்பெட்டிதான்.

அந்த ஒரு போத்தல் மண்ணெண்ணெயில்தான் பிரச்சினை பிறந்தது. கிராமத்து மருத்துவிச்சிமார், பிரசவம் பார்க்கும்போது இலாம்புக்கு எண்ணெய் இல்லை என்று சங்கத்திடம் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. நிர்வாகசபை கூடி ஒரு முடிவுக்கு வந்தது: கொம்பியூட்டர் அட்டைப்பெட்டியை வெல்லுமென்றால் எண்ணெய் கொம்பியூட்டருக்கு, இல்லாவிட்டால் மருத்துவிச்சிமாருக்கு. அளந்து சொல்லும் பொறுப்பு செயலாளர் நமசிவாயத்திடம்.

நமசிவாயம் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ரயில் நின்றுபோன பிறகும் அவருடைய கைக்கடிகாரம் ரயில் நேரத்தில் ஓடியது. முதலில் அவர் அட்டைப்பெட்டியை ஒரு கிழமை அளந்தார். ஆள் கதிரையில் இருந்ததிலிருந்து துண்டோடு எழும்பும் வரை, கதை பேச்சு எல்லாம் சேர்த்து, சராசரி ஒரு நிமிடம் பதினைந்து செக்கன். பிறகு என் முறை வந்தது.

"எப்பவிலையிருந்து எண்ணுறது?" என்று கேட்டார். "ஆள் கதிரையிலை இருந்ததிலையிருந்தோ?"

"இல்லை ஐயா. பிள்ளை கீபோட்டிலை இரத்தப் பிரிவை அமத்தினதிலையிருந்து."

"முடிவு?"

"துண்டு அச்சாகிக் கிழிச்சவுடனை."

"நடுவிலை பாலேஸ்வரி கதைக்கிற கதை?"

"அது கழிக்கவேணும். கொம்பியூட்டரோ கதைக்குது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிச் சிக்னலிலை அரை மணித்தியாலம் நிண்டுபோட்டு வாற ரயிலை, எஞ்சின் நல்ல வேகம் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை, கதிரவேலு."

"நிண்டது சிக்னலின்ரை பிழை ஐயா. எஞ்சினின்ரை இல்லை."

"ஏறி இருக்கிறவனிட்டைப் போய்ச் சொல்லிப் பாரும்."

அரை மணித்தியாலம் இழுபட்டோம். அவருக்கு எழுபது வயது, வெயில், தேத்தண்ணீருக்குச் சீனியும் இல்லை. கடைசியில், "சரி, கதைச்ச நேரம் நீங்கலாக எண்டு எழுதும்," என்று விட்டுவிட்டார். சந்தையில் தராசைத் தொடாமலே நிறையைக் குறைக்கிற வித்தை ஒன்று உண்டு: எதை நிறுப்பது என்பதை முதலே பேசிவிடுவது. அதைத்தான் செய்தேன். ஆனால் அவரும் ஒரு நிபந்தனை போட்டார். சோதனை நடக்கும்போது ஒரு மேசை மற்ற மேசையோடு பேசக்கூடாது, நான் எந்தக் கீபோட்டையும் தொடக்கூடாது.

பாலேஸ்வரியின் கதையைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் திரையில் இருந்தவள் அவள். ஐம்பது வயது, பள்ளிக்கூடத்தில் கிளாக்காக இருந்தவள். வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் யாருக்கு யார் என்ன முறை என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். திரையில் கொடையாளரின் பெயர் வந்ததும், வந்தவரைப் பார்த்துத் தொடங்குவாள்: "நீங்கள் எவடம்? ஆற்றை மோன்? மனுசி எந்தப் பகுதி?" கேட்டுக் கேட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நூலைக் கண்டுபிடித்து, துண்டின் அடியில் எழுதிவிடுவாள்: 'இவர் உங்கள் பெரியம்மாவின் மருமகனுக்குத் தமையன்.' அந்த ஒரு வரி இல்லாமல் போன துண்டைப் பார்த்த கொடையாளர், தனக்குத் தலை சுற்றுகிறது என்று படலையை மூடிவிடுவார். உறவு எழுதிப் போன துண்டைப் பார்த்தால் மனிதர் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து சைக்கிளில் ஏறுவார். ஆகவே அந்தக் கதை வீண்கதை இல்லை. திரையில் பெயரைப் பார்த்த பிறகுதான் அதைக் கதைக்கவும் முடியும்.

வில்லங்கம் என் புரோகிராமில் இருந்தது. ஆரம்பத்தில் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் ஒரே பெயரை எடுத்துவிட்டன. குருநகர்க் கடற்தொழிலாளி கனிசியஸ், ஓ நெகற்றிவ்காரன். அவன் வாசலில் இரண்டு சொந்தக்காரர்கள் இரண்டு துண்டுகளோடு நின்று ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். "ரெண்டு கையிலையும் ஓடுறது ஒரே ரத்தம்தான் அண்ணைமார்," என்றானாம். வெட்கத்தில் அன்றைக்கே ஒரு பூட்டு எழுதினேன். ஒரு திரை பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றத் திரை காத்திருக்கவேண்டும். அவசரத்தில், பார்க்கிற பெயரை மட்டும் பூட்டாமல் முழுப் பதிவேட்டையும் பூட்டிவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் கத்தரிக்காய் பொறுக்குகிறார் என்பதற்காகக் கடைக் கதவை இழுத்துச் சாத்திய மாதிரி. அட்டைப்பெட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. ஓர் அட்டையை உருவினால் மற்ற அட்டைகள் பெட்டியிலேயே இருக்கும்.

சரிப்படுத்தலாம், சரிப்படுத்தலாம் என்று ஒரு வருடம் போனது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேர வெளிச்சத்தில் மனிதன் எதைச் சரிப்படுத்துவான்?

சோதனை ஒரு வெள்ளிக்கிழமை. மேசைக்குப் பத்தாக இருபது துண்டுகள் என்பது கணக்கு. பாலேஸ்வரியின் மேசைக்கு நமசிவாயம். இரண்டாவது மேசைக்கு நான். அங்கே றோஸ் இருந்தாள். குருநகரில் குண்டு விழுந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. கதை குறைவு, விரல் வேகம்.

ஜெனரேற்றர் இரண்டு தரம் அடம்பிடித்துவிட்டு ஓடத் தொடங்கியது. முதலாவது துண்டு இருபத்திரண்டு செக்கன். இரண்டாவது இருபத்தாறு. மூன்றாவதில் றோஸ் பிரிவை அமத்தினாள். 'வெயிற்', பொறு என்று திரையில் பச்சை எழுத்து விழுந்தது. அந்தப் பக்கம் பாலேஸ்வரி யாருக்கோ மாமனாரைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றுதான் எங்கள் திரை திறந்தது. அதை நான் எழுதவில்லை. கதைத்த நேரம் நீங்கலாக என்பது ஒப்பந்தம்; கதைத்தது எந்த மேசை என்று ஒப்பந்தத்தில் இல்லை. நமசிவாயமும் தன் தாளில் கதையைக் கழித்துக்கொண்டிருந்தார். ஆக, அந்த நேரத்தை அங்கேயும் எழுதவில்லை, இங்கேயும் எழுதவில்லை. றோஸின் முன்னால் குந்தியிருந்த மனிதர் மட்டும் அதைச் செலவழித்தார். எனக்கு அது அப்போதே தெரியும். தெரியாதென்று சொன்னால் பொய்.

றோஸின் மேசையில் ஒன்பது துண்டுகள் அப்படிப் போயின. ஐந்து மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு மனிதர் சைக்கிளை விழுத்திவிட்டு உள்ளே ஓடிவந்து றோஸின் முன்னால் இருந்தார். சேட்டில் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

"செபநாயகம். மனுசிக்குப் பிள்ளைப்பேறு. ரத்தம் போகுது, நிக்குதில்லை. ஓ நெகற்றிவாம். கெதியா, தங்கச்சி."

றோஸ் அமத்தினாள். வெயிற்.

பாலேஸ்வரியின் முன்னால் சிவசுப்பிரமணியம் என்ற பெரியவர் இருந்தார். வல்வெட்டித்துறைக்காரர், பழைய கப்பல் முதலாளி குடும்பம். அடுத்த கிழமை குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை, பி பொசிற்றிவ் வேண்டும், அவசரம் ஒன்றுமில்லை. திரையில் வந்த பெயரை அவள் வாசித்தாள்.

"சீ! அவன் வேண்டாம் பிள்ளை. அவன்ரை தேப்பன் எங்கடை வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவன். அறுபத்திரண்டிலை."

"அது தேப்பன்தானே ஐயா. இவர் நல்ல மனுசன்."

"உவன்ரை ரத்தம் எனக்குள்ளை ஓடினா நான் நிம்மதியாப் படுப்பனே? வேறை பார்."

அவள் வேறு பெயர் பார்த்தாள். பூட்டு அப்படியே இருந்தது.

என் கடிகாரத்தில் ஐம்பது செக்கன். அந்த நேரத்தில் தெளிவாக யோசித்தேன்: எழும்பிப் போய் பாலேஸ்வரியின் கீபோட்டில் ஒரு விசையை அமத்தினால் பூட்டு விடும், றோஸின் திரையில் ஓ நெகற்றிவ்காரன் ஒருவனின் பெயர் வந்து நிற்கும். இடையில் எட்டு அடி தூரம். அமத்தினால் நிபந்தனை முறியும், சோதனை முறியும், என் மூன்று வருட வேலை படங்குச் சீலை மூடிக் கிடக்கும். பெரியவர் இந்தப் பெயருக்கு ஓம் என்றுவிடுவார், இன்னும் இருபது செக்கன் பொறுப்போம் என்று எனக்கே ஒரு விலை சொன்னேன்.

"என்ன பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்றார் செபநாயகம்.

"பதிவேடு வரேல்லை அண்ணை. எனக்குக் கனிசியஸ் அண்ணையைத் தெரியும். ஆனா அவர் எப்ப கடைசியாக் குடுத்தவர், இண்டைக்கு வேறை ஆரும் அவரைக் கூட்டிக்கொண்டு போயிட்டினமோ எண்டு இதைப் பாத்தால்தான் தெரியும், அட்டைப்பெட்டியிலை இன்னும் பதியேல்லை. பிழையாச் சொல்லி உங்களை அலைய விட்டால்..."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது.

"உவர் ஆர்? கரணவாய்ப் பகுதியே?" என்றார் சிவசுப்பிரமணியம். "அப்ப எங்கடை மச்சாளின்ரை சம்பந்தி வீட்டாக்கள் எல்லே? அவையோடை இப்ப போக்குவரத்து இல்லை."

"ஏன் ஐயா?"

"கலியாண வீட்டிலை முதல் பந்தியிலை இருத்தேல்லை."

இன்னொரு இருபது செக்கன். இன்னொன்று. சந்தையில் எதிராளி இறங்குவான் என்று நம்பி நான் எத்தனையோ தரம் அசையாமல் நின்றிருக்கிறேன். நிற்கிற நேரத்துக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பது அங்கே உறைக்காது. செபநாயகம் எழும்பி நின்றார். பிறகு இருந்தார். வாய் திறக்காமல் செபம் சொன்னார். அவருடைய முழங்கால் மேசைக் காலில் இடித்து இடித்து, திரை ஆடியது.

நாலு நிமிடம் பத்துச் செக்கனில் நான் எழும்பினேன். எப்படி எட்டடியைக் கடந்தேன் என்று ஞாபகமில்லை. பாலேஸ்வரியின் தோளுக்கு மேலால் கையை விட்டு விசையை அமத்தினேன். அவள் திரை வெறுமையானது.

"என்ன விசர் வேலை!" என்றார் சிவசுப்பிரமணியம். "இப்பதான் ஒருத்தன் சரிவந்தவன்!"

"தொடக்கூடாது எண்டு சொன்னது ஞாபகம் இருக்கோ, கதிரவேலு?" என்றார் நமசிவாயம், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னால் அச்சுப்பொறி கரகரத்தது. ஒன்பது செக்கன். றோஸ் உறவு ஒன்றும் எழுதவில்லை. 'கனிசியஸ் அண்ணை, றோஸ் அனுப்பினது' என்று மட்டும் எழுதிக் கிழித்தாள். செபநாயகம் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சைக்கிளைத் தூக்கினார்.

ஐந்தரைக்கு ஜெனரேற்றர் தானாகவே அடங்கியது. நமசிவாயம் இரண்டு தாள்களையும் வாங்கிக் கூட்டினார்.

"அந்தப் பத்தாவது துண்டை வெட்டிவிடுவம். நீர் கை வைச்சது சோதனைக்குள்ளை வராது. ஆனா சோதனை முழுக்கப் பழுது எண்டும் நான் சொல்லமாட்டன். மிச்சம் பத்தொன்பது. கதைச்ச நேரம் நீங்கலாகச் சராசரி இருபத்துநாலு செக்கன்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வெண்டிட்டீர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முந்திக் கையெழுத்துப் போட்டுத் தாரும்."

 களைப்பாக இருந்தது. வென்றவனுக்கு வருகிற களைப்பு இல்லை அது.

அடுத்தநாள் மத்தியானம் செபநாயகம் வந்தார். கண் இரண்டும் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்திருந்தன. கதிரையில் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை.

"நான் போக, கனிசியஸின்ரை மனுசி இராசாத்தி சொல்லுது, இப்பதான் கரைக்குப் போறார் எண்டு. ஓடிப் போனன். வள்ளம் இறங்கியிட்டுது. கழுத்தளவு தண்ணிக்குள்ளை நிண்டு கத்தினன். காத்து எதிர்க்காத்து, கேக்கேல்லை. கரையிலை வலை பொத்தினவன் ஒருத்தன் சாரத்தைக் கழட்டி வீசிக் காட்டினான். பிறகுதான் திரும்பினவர். அதுக்குள்ளை எவ்வளவு நேரம் போச்சுது தெரியுமே?"

"மனுசி?"

"இருக்கிறா. பிள்ளையும் இருக்கு, பொம்பிளைப் பிள்ளை. கர்ப்பப்பையை எடுத்துப்போட்டினம்." சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். "முந்தி வந்திருந்தால் எடுக்காமல் விட்டிருக்கலாமோ எண்டு டொக்டரிட்டைக் கேட்டன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் எண்டார். எங்களுக்கு இதுதான் முதல் பிள்ளை."

"செபநாயகம் அண்ணை..."

"இல்லை தம்பி, கேளும். நீர் பாய்ஞ்சு வந்து அதை அமத்தினீர். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நீர் அமத்தாட்டி என்ரை மனுசி இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

என் இரண்டு கைகளையும் பிடித்தார். நான் உருவப் பார்த்தேன், விடவில்லை. வசையை வாங்கிப் பழகிய ஆள் நான். என் ஊரில் வசைக்கு மறுவசை கைவசம் இருக்கும். இவர் கொண்டுவந்ததோ நன்றி.

அவர் போன பிறகு நமசிவாயம் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். முற்றத்தில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பத்தாவது துண்டைத் திருப்பிச் சேர்க்கப்போறன் ஐயா. நிண்ட நேரங்களையும். என்ரை மேசையிலை நிண்டது செக்கன் செக்கனா எனக்கு ஞாபகம் இருக்கு, சந்தையிலை கணக்கை மனசிலை வைச்சுப் பழகினவன். உங்கடை மேசையிலை றோஸுக்காக நிண்ட நேரம் ஏதும்..."

அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு உள்ளே போய்த் தாளைக் கொண்டுவந்தார். ஓரத்தில் சின்னச் சின்ன எழுத்தில், ஒவ்வொரு துண்டும் எத்தனை செக்கன் காத்து நின்றது என்று இருந்தது. கூட்டச் சொல்லி ஒருவரும் கேட்காத கணக்கு.

"ரயில்காரன் நிண்ட நேரத்தை எழுதாமல் விடமாட்டான்," என்றார். "நீர் கேக்கேல்லை, நான் காட்டேல்லை."

"எல்லாம் சேர்த்தால் அட்டைப்பெட்டி வெல்லும்."

"அது எனக்கு நேற்றே தெரியும்."

"பூட்டைச் சரிப்படுத்தலாம் ஐயா. பெயருக்கு ஒரு பூட்டு எண்டு மாத்தினால் இவ்வளவு நிக்காது. ஒரு மாதம் காணும்."

"மாத்தும். ஆர் வேண்டாம் எண்டது?"

"ஜெனரேற்றருக்கு எண்ணெய்?"

"அதுக்கு என்னட்டைக் கேளாதையும்," என்று மண்வெட்டியை எடுத்தார். "ஒரு போத்தல்தான் இருக்கு. மருத்துவிச்சிமார் காத்துக்கொண்டு நிக்கினம்."

வீட்டுக்கு வந்து புதுத்தாளில் எழுதினேன். மனதுக்குள் ஒரு தரம் கூட்டி, கையால் இரண்டு தரம் கூட்டினேன். மாறவில்லை.

பாலேஸ்வரி மேசை, பத்துத் துண்டுகள், கொம்பியூட்டர் ஓடியது: 3 நிமிடம் 50 செக்கன்.
றோஸ் மேசை, ஒன்பது துண்டுகள், கொம்பியூட்டர் ஓடியது: 3 நிமிடம் 46 செக்கன்.
றோஸ் மேசை, பத்தாவது துண்டு, கொம்பியூட்டர் ஓடியது: 9 செக்கன்.
பாலேஸ்வரி மேசை காத்து நின்றது: 3 நிமிடம் 15 செக்கன்.
றோஸ் மேசை, ஒன்பது துண்டுகள், காத்து நின்றது: 11 நிமிடம் 20 செக்கன்.
பத்தாவது துண்டு காத்து நின்றது: 4 நிமிடம் 10 செக்கன்.
மொத்தம்: 26 நிமிடம் 30 செக்கன். துண்டுக்குச் சராசரி 1 நிமிடம் 19½ செக்கன். அட்டைப்பெட்டியைவிட 4½ செக்கன் கூட.

கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகும் பேனையை மூட மனம் வரவில்லை. கீழே, கூட்டத்துக்குத் தேவையில்லாத ஒரு கணக்கையும் எழுதினேன்.

பத்தாவது துண்டு காத்து நின்ற 4 நிமிடம் 10 செக்கனில், ஒரு விசையை அமத்தினால் பூட்டு விடும் என்று எனக்கு உறைக்கும்வரை: 50 செக்கன். உறைத்த பிறகு நான் இருந்த இடத்திலேயே இருந்தது: 3 நிமிடம் 20 செக்கன். பற்று, கதிரவேலு பெயரில். வரவு இல்லை.